ரூட்டர் ஒன்று, வெர்ஷன் மூன்று

ரூட்டர் விற்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது.

வீட்டுக்கு நெட் பரப்பும் அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். டிவிக்குப் பின்னாலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். முக்கியமான நேரமாகப் பார்த்து நின்றுபோகும். நீங்களும் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி போட்டிருப்பீர்கள். அதன் தலையில் ஒரு தட்டு தட்டியும் பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் நாம் எல்லோரும் ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள்தான். நீங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிக்காக மட்டும் அவஸ்தைப்படுகிறீர்கள். நான் விற்ற பெட்டிகள் எல்லாவற்றுக்காகவும் அவஸ்தைப்படுகிறேன். அவ்வளவுதான் வேறுபாடு.

காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். முட்டி வலி வந்து நிற்க முடியாமல் போனதும், பக்கத்துத் தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர் சாமான் கடைக்கு மாறினேன். இங்கே உட்கார ஸ்டூல் உண்டு. முதலாளி பெயர் தயாளன். ரிப்பேர் பார்ப்பவர் குமரவேல். வாயைத் திறப்பதைவிடப் பெட்டியைத் திறப்பது அவருக்குச் சுலபம்.

எங்கள் கடையில் அதிகம் போகிற ரூட்டருக்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது. அதைச் சொன்னால் வம்பு. நாங்கள் ‘நாற்பது’ என்போம். அதற்கு ‘நாற்பது பிளஸ்’ என்று ஒரு அண்ணனும் உண்டு. நாற்பதில் முதல் வெர்ஷன் நன்றாக ஓடியது. அடுத்து இரண்டாம் வெர்ஷன் வந்தது, பிறகு மூன்றாவது. அட்டைப்பெட்டி மாறவில்லை, படம் மாறவில்லை, பெயர் மாறவில்லை. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் மூலையில் எறும்பு அளவுக்கு வெர்ஷன் எண் மட்டும் மாறியிருக்கும். உள்ளே என்ன மாறியது என்பதைக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்குச் சொல்வதில்லை. வாடிக்கையாளர்கள்தான் வந்து சொல்வார்கள், கொஞ்சம் சத்தமாக.

முந்தி தெரியவில்லை

பிள்ளையார்பாளையத்தில் சண்முகம் என்று ஒருவர், சொந்தத் தறி வைத்திருப்பவர். எதிர்வீட்டுக்காரர் எங்களிடம் நாற்பது வாங்கி, அதில் வீடியோ போட்டு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் புடவை காட்டி வியாபாரம் செய்வதைப் பார்த்து, எனக்கும் அதேதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். அதேதான் கொடுத்தோம். பெயரளவில்.

ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்திருக்கிறார். சண்முகம் புடவையின் உடம்புப் பகுதியைக் காட்டும்வரை எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. முந்தியை விரித்ததும் படம் உறைந்துவிட்டது. அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தது சண்முகத்தின் முழங்கையை. பிறகு அவர் எதிர்வீட்டுக்காரரிடம் புடவை எடுத்துக்கொண்டார். சண்முகத்துக்கு வந்த சந்தேகம், நாங்கள் தெரிந்தவருக்கு நல்லதைக் கொடுத்து இவருக்குப் பழையதைத் தள்ளிவிட்டோம் என்பது. எதிர்வீட்டுப் பெட்டியையும் கெஞ்சி வாங்கி, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

நான் இரண்டையும் கவிழ்த்துக் காட்டினேன். அவருடையது மூன்றாம் வெர்ஷன், அது முதல் வெர்ஷன். அவர் நம்பவில்லை. குமரவேல் இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் சிப்பின்மேல் சூடு இறங்க ஒரு அலுமினியத் தகடு இருந்தது. புதியதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. மெமரி பாதி. சிப்பே வேறு. சண்முகம் புடவையின் பின்பக்கத்தைப் பார்ப்பது போலக் குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, நிதானமாகப் பார்த்தார். கோபமெல்லாம் போய், ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் வேலையைப் பார்க்கும் முகம் வந்துவிட்டது. பிளஸ் மாடலாக மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா, நாங்க ஜரிகையில கொறைச்சா அதுக்குப் பேரு மோசடி. இவுங்க உள்ள கொறைச்சா அதுக்குப் பேரு வெர்ஷனா?”

ஆறு கொம்பு

தணிகாசலம் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன்; எந்தக் கட்சியானாலும் இது நடந்திருக்கும். தெருமுனையில் இவருடைய கட்சி அலுவலகம். எதிர்ப்பக்கம் எதிர்க்கட்சி அலுவலகம். அங்கே ஜன்னலில் நான்கு ஆன்டெனா வைத்த ரூட்டர் ஒன்று தெரிய ஆரம்பித்ததிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவருடையதில் இரண்டுதான்.

எத்தனை ஆன்டெனா இருந்தாலும் உள்ளே இருக்கிற சரக்குதான் முக்கியம், உங்கள் அறைக்கு இரண்டே அதிகம் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆறு ஆன்டெனா வைத்தது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதை வாங்கிப் போய், ஆறும் தெருவைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஜன்னலில் வைத்தார். கொஞ்ச நாள் கழித்து, ரூட்டரைப் பையிலும் ஒடிந்த ஒரு ஆன்டெனாவை வேட்டி மடிப்பிலும் மறைத்துக்கொண்டு வந்தார். கொடிக்கம்பம் சாய்ந்ததில் ஒடிந்ததாம். ஆனால் அவருடைய கவலை ஒடிந்ததைப் பற்றி இல்லை. ஒடிந்த பிறகும் நெட் கொஞ்சமும் குறையவில்லையே, அது எப்படி என்பதுதான்.

குமரவேல் பெட்டியைத் திறந்தார். ஆறில் நான்குக்குத்தான் உள்ளே ஒயர் போயிருந்தது. மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக், பார்வைக்கு வைத்தது. ஒடிந்தது அதில் ஒன்று. இதே பெட்டியில் நான்கு ஆன்டெனாவோடு ஒரு மாடல் வருகிறது. அதற்கும் இதற்கும் உள்ளே ஒரு வேறுபாடும் கிடையாது. ஆள் கட்சிக்காரர், ஏமாற்றிவிட்டீர்கள் என்று கடை முன்னால் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? தணிகாசலம் திறந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, ஒடிந்ததைப் பசை போட்டு ஒட்டித் தரச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“வெளிய சொல்லாதம்மா. எங்க கமிட்டியில கூட ரெண்டு பேருக்கு உள்ள கனெக்‌ஷன் கிடையாது. ஆனா போஸ்டர்ல எல்லாரும் நிக்கணும்.”

லேட்டஸ்ட்

ரூட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் மறக்காமல் கேட்பது ஒன்றுதான்: லேட்டஸ்ட் எது? முதல் வெர்ஷன்தான் நல்லது என்று நான் சொன்னால், பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். பட்டுக்கடையில் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பழைய கெட்டிப்புடவை என்றால் அங்கே மரியாதை கூடும். இங்கே அப்படி இல்லை. முதல் வெர்ஷன் பெட்டிகள் கொஞ்சம் கடையில் தேங்கிவிட்டன.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மூன்றாம் வெர்ஷனின் மென்பொருளை இறக்கி முதல் வெர்ஷனில் ஏற்றிவிட்டால், திறந்து பார்க்கிறவர்களுக்குத் திரையில் மூன்று என்று காட்டும் அல்லவா. உள்ளே சிப்பே வேறு, இதற்கு அது பொருந்தாது என்று குமரவேல் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். முதலாளி கேட்கவில்லை. தானே உட்கார்ந்து ஏற்றினார். பாதி போனதும் திரை நின்றது. ரூட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அணைத்துப் போட்டாலும் அது மாறவில்லை. கடையிலேயே நல்ல பெட்டி ஒன்று எங்கள் கண் முன்னால் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிட்டது. குமரவேல் அதைக் கழற்றி மூலையில் போடப் போனார். முதலாளி தடுத்தார்.

“அதைத் தூக்கி ஷோகேஸ்ல வைப்பா. லைட்டு எரியுதில்ல, பாக்கறவனுக்கு அது போதும்.”

ஆயுத பூஜைக்கு மறுநாள்

ஐயம்பேட்டையில் ஒரு வீடு. அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். பூஜை அறையை மட்டும் பிரிக்க முடியவில்லை, அது பொது. அண்ணன் வீட்டில் நாற்பது, தம்பி வீட்டில் நாற்பது பிளஸ். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் தறிக்கும் தராசுக்கும் பொட்டு வைப்பது போல ரூட்டருக்கும் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வீட்டு ரூட்டரும் அடாப்டரோடு பூஜை அறைக்குப் போய், சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு திரும்பின. மறுநாள் காலையில் அண்ணன் மனைவி கஸ்தூரி கடைக்கு வந்தார். ஸ்விட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம், கருகின வாசனை, ரூட்டர் போய்விட்டது. ஓரகத்திதான் ஏதோ செய்துவிட்டாள் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி உள்ளே வந்தார். அவர் வீட்டு ரூட்டர் விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது, அணைகிறது. அவர் மனைவி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறார். காலையிலிருந்து லாகின் ஆக முடியாமல், நேற்று பூஜைக்கு லீவு, இன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அண்ணிதான் காரணம் என்றார். அண்ணி இருக்கும் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

குமரவேல் இரண்டு அடாப்டரையும் வாங்கிப் பார்த்தார். நாற்பதுக்கு ஒன்பது வோல்ட், பிளஸ்ஸுக்குப் பன்னிரண்டு. ஒரே கறுப்பு, ஒரே முனை, ஓட்டையிலும் ஒரே மாதிரி பொருந்தும். பூஜை அறையில் மாறிவிட்டது. தம்பி ரூட்டருக்குச் சாப்பாடு போதவில்லை, அண்ணன் ரூட்டருக்கு அதிகமாகிவிட்டது. சரியான அடாப்டரைப் போட்டதும் தம்பியுடையது எழுந்து உட்கார்ந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகிற போக்கில், மன்னிச்சிக்கோங்க அண்ணி என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பேசி எவ்வளவோ காலமாயிற்று போலிருக்கிறது. கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் சரி, சுவரில் ஒரு கதவாவது வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். புது ரூட்டரைப் பையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னார்:

“வருசத்துல ஒருநாள் ஒண்ணா சாமி கும்புட்டோம். அதுக்கே ஒண்ணு எரிஞ்சி போச்சு. வர்ற வருசம் பூஜை ரூம்லயும் ஒரு தடுப்பு போட்டுர்றோம்மா.”

கல் சுவர்

ஊரில் பெரிய கோயில்களுக்கு நடுவே பெயர் தெரியாத சின்னக் கோயில்களும் நிறைய உண்டு. அப்படி ஒன்றில் ஒரு குருக்கள், வெள்ளிக்கிழமை அபிஷேகத்தைப் போனில் நேரலையாகக் காட்டுவார். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம்தான் அந்தக் கோயிலின் விளக்குக்கும் எண்ணெய்க்கும் ஆதாரம். இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அவர் நாற்பதை விட்டுப் பிளஸ்ஸுக்கு மாறினார். அதில் வேகமான அலை ஒன்று தனியாக உண்டு. அலுவலக அறையில் பறந்தது. மண்டபத்துக்குள் போனதும் பாலபிஷேகம் பாதியில் நின்றது. குடம் சாய்ந்திருக்கிறது, பால் விழவில்லை. வெளிநாட்டிலிருந்து போன் வந்துவிட்டது: அபிஷேகம் பாதியில் நின்றால் குடும்பத்துக்கு ஆகாதாமே?

நானும் குமரவேலும் போய்ப் பார்த்தோம். வேகமான அலைக்குச் சுவரைத் துளைக்கும் சக்தி குறைவு. மெதுவான அலை கொஞ்சம் துளைக்கும். இந்தக் கல் சுவருக்குள் மங்கலாக வர அது போதும், தெளிவாக வர இரண்டும் போதாது. வெளிச்சுவர் ஓரமாக ஒயர் இழுத்து மண்டப வாசலில் இன்னொரு ரூட்டர் வைப்பதுதான் வழி. அதைச் செய்தோம், அடுத்த வெள்ளிக்கிழமை பால் முழுதாக விழுந்தது. கிளம்பும்போது, இந்தப் பிளஸ்ஸில் இரண்டாம் வெர்ஷன் வரப்போகிறது, அதில் இன்னும் எட்டும் என்கிறார்கள் என்று வியாபாரப் பழக்கத்தில் சொல்லிவைத்தேன். குருக்கள் சுவரில் கையை வைத்தார்.

“இதைக் கட்டின ராஜா ஒரே வெர்ஷன்தாம்மா கட்டினான். அப்புறம் வந்தவாளும் உள்ளே ஒண்ணையும் உருவலை.”

பில் மேசைக்குப் பின்னால்

ஏனாத்தூரில் கோதண்டம் என்று ஒரு விவசாயி. அவர் மகள் புவனா, படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை அவர் மூன்றாம் வெர்ஷன் நாற்பதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் ஓடுகிறது, தொட்டால் சுடுகிறது, தானே அணைந்து எழுந்து வருகிறது. அன்று பகல் புவனாவுக்கு ஆன்லைனில் கடைசி நேர்காணல். இதற்கு முன் ஒரு கம்பெனியில் நேர்காணல் நடுவிலேயே நெட் அறுந்து, அவர்கள் மறுபடி கூப்பிடவே இல்லை. கிராமத்தில் செல்போன் சிக்னல் மாடிக்கு ஏறினால்தான் வரும். முதலாளி, கம்பெனிக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும், நாளாகும் என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார். கோதண்டம் சண்டை போடவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

தேங்கியிருந்த முதல் வெர்ஷன் பெட்டிகள் அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தன, புதுப் பெட்டியைப் பிரித்து இரவல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு அப்போதுதான் எங்கள் பில் மேசைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற ரூட்டர் நினைவு வந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். முதல் வெர்ஷன். நான் கடைக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட நின்றதில்லை. ஒயரைப் பிடுங்கினேன். குமரவேல் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கீழே குனிந்து அதன் அடாப்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கோதண்டத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஏனாத்தூர் போய் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. புவனா கதவைச் சாத்திக்கொண்டாள். கோதண்டம் பக்கத்து வீட்டில் மிக்ஸி போடாதீர்கள் என்று சொல்லப் போனார். நானும் அவள் அம்மாவும் சமையலறையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் தெரிந்த அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் சாதம் குழைந்துகொண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டது கிடையாது. விளக்கு அணையவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நல்லபடி அழுகிறாளா, வேறு மாதிரியா என்று எங்களுக்குப் புரியவில்லை.

கடைக்குத் திரும்பினால் முதலாளி வந்துவிட்டிருந்தார். பில் போட முடியவில்லை, கார்டு மெஷின் ஓடவில்லை, வந்தவர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். நாளையிலிருந்து புடவை விரிக்கப் போய்விடு என்றார். முட்டியைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் கணக்கு முடித்துக்கொள்ள வந்தபோது, கோதண்டம் ஒரு கையில் ரூட்டரும் இன்னொரு கையில் லட்டு டப்பாவுமாக எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். சாயங்காலமே போன் வந்துவிட்டதாம். புவனாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. முதலாளிக்கும் ஊட்டாத குறையாக லட்டைக் கொடுத்தார். கடையில் நாலு பேர் பார்க்க, என்னை அனுப்புகிற பேச்சை முதலாளி லட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டார். கோதண்டம் ரூட்டரை மேசையில் வைத்துவிட்டு, உங்க கடையில இதுதான் ஓடுதுன்னா எனக்கும் இதையே குடுத்திருக்கலாமே அண்ணே என்று வெள்ளந்தியாகக் கேட்டார். முதலாளி அதை எடுத்து, துடைத்து, பழைய இடத்தில் மாட்டி, பச்சை விளக்கு வரும்வரை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“இது விக்கறதுக்கு இல்லப்பா. இது வேலை செய்யறதுக்கு.”

ஆகவே, என்னோடு சேர்ந்து அவஸ்தைப்படும் அன்பர்களே, எந்த ரூட்டர் வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் அட்டைப்பெட்டியையும் ஆன்டெனாவையும் ஒப்பிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்காரரின் மேசைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள் என்பேன், எங்கள் கடையைத் தவிர.